கீமோ நாற்காலியில் உட்கார்ந்து முருகனிடம் பேரம் பேசலாமா?

பிறைக்காரி | பிறை | ஞாயிறு, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன். இன்னிக்கு ஒண்ணு கேக்கணும்.

எனக்கு 48 வயசு, பினாங்கு பக்கம் பிறையில இருக்கேன். இடது மார்புல புற்று. ஆபரேஷன் முடிஞ்சு, சிவப்பு மருந்து நாலு தடவை ஏத்தியாச்சு. கல்யாண வீட்டுல ஊத்துற ஆயர் சிராப் கலர்லயே இருக்கும் அது. அன்னிலேருந்து சிராப்பைக் கண்டாலே குமட்டுது. இப்ப வாராவாரம் செவ்வாய்க்கிழமை வேற மருந்து. மொத்தம் 12, அதுல அஞ்சு ஆச்சு.

முதல் மருந்து ஏத்தின பதினாறாம் நாள், குளிக்கிற ரூம்ல தண்ணி இறங்கல. பார்த்தா எல்லாம் என் முடி. வீட்டுக்காரர் மெஷினை எடுத்துட்டு வந்து ஒரு வார்த்தை பேசாம மழிச்சு விட்டாரு. மறுநாள் பாசார்ல கீரை விக்கிற அம்மா, "தண்ணீர்மலைக்கு நேர்ந்துக்கிட்டியாம்மா?"ன்னு கேட்டுச்சு. தண்ணீர்மலைன்னா பினாங்குல இருக்கிற முருகன் கோயில். தைப்பூசம் அப்பதான் முடிஞ்சிருந்துச்சு. "ஆமாம்மா"ன்னுட்டேன். சாமி பேரைச் சொல்லி ஒரு பொய். அந்தம்மா ஒரு கட்டு கீரையைச் சும்மாவே பையில போட்டு, "முருகன் கைவிட மாட்டான்"னுச்சு.

நான் பெருசா சாமி கும்பிடுறவ இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு என் மாமியாரோட வேலை. அவங்க போனப்புறம் ஞாபகம் வந்தா ஏத்துவேன். ஆனா அந்தக் கீரைக்கட்டு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுக்காரரோட தண்ணீர்மலைக்குப் போனேன். 513 படி. இருபதுக்கு மேல காலு வரல. அங்கயே உக்காந்து, "அன்னிக்குப் பொய் சொன்னேன், இன்னிக்கு நெசமாவே நேர்ந்துக்கிறேன். முடிதான் முன்கூட்டியே போயிருச்சு, வரவுல வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம். கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின ஒரு பாட்டி எங்க வார்டுக்கு வரும். மலாய் தெரியாது. மிஸி, அதாவது நர்ஸ், என்ன கேட்டாலும் "தாடா, தாடா" (இல்லை, இல்லை)ன்னு தலையாட்டும். காய்ச்சல் இருக்கா? தாடா. வாந்தி இருக்கா? தாடா. ஆனா வெளிய பெஞ்சில உக்காந்திருந்தப்ப எங்கிட்ட, ராத்திரி பூரா குளிர் ஒதறுச்சு, ரெண்டு போர்வை போத்தினேன்னு சொல்லியிருந்துச்சு. காய்ச்சல்னு சொன்னா மருந்தைத் தள்ளிப் போடுவாங்களாம். மகன் இன்னொரு நாள் சூத்தி (லீவு) போடணுமாம், சம்பளம் போயிருமாம்.

நான் எழுந்து போய் மிஸிகிட்டச் சொல்லிட்டேன். அளந்து பார்த்தா காய்ச்சல் 38.4 செல்சியஸ். அன்னிக்கே படுக்க வச்சுட்டாங்க. பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அப்புறம் மூணு வாரம் என் பக்கமே திரும்பல. நாலாவது வாரம் கைக்குட்டையில சுத்தின ரெண்டு அவிச்ச முட்டையை என் மடியில வச்சு, "நீ சொல்லலைன்னா போய்ச் சேர்ந்திருப்பேனாம். தின்னு"ன்னுச்சு.

அதுலேருந்து செவ்வாய்க்கிழமை சீக்கிரமே போயிடுறேன். நம்பர் எடுக்கிறது, ரத்த டெஸ்ட் ஃபாரம் எங்க குடுக்கணும்னு காட்டுறது, டாக்டர் சொல்றதைத் தமிழ்ல சொல்றது, அவ்வளவுதான். எனக்கு மருந்து இறங்குறப்ப தானா "முருகா, முருகா"ன்னு வருது. முன்னெல்லாம் வராது. ஆனா அதுக்குள்ளயே ஒரு கணக்கும் ஓடுது. இன்னிக்கு மூணு பேருக்குப் பேசினேன், என் ஸ்கேனைப் பார்த்துக்கோன்னு. இது பக்தியா, லஞ்சமா? நாத்தனார் வேற, "புண்ணியம் சேத்துக்கோ, போன ஜென்மத்துக் கணக்கு தீரட்டும்"னு சொல்றாங்க. அதைக் கேட்டதும் எனக்கு எல்லாமே கசந்து போச்சு.

கொப்பி ஓ கோசோங் | செந்தூல், கேஎல் | திங்கள், காலை 6:15

தங்கச்சி, முதல்ல உங்க நாத்தனாருக்கு என் சார்புல ஒரு பெரிய கும்பிடு. போன ஜென்மத்துல அவங்க என்ன செஞ்சாங்கன்னு இப்படிப் பேசுற வாய் கிடைச்சுதோ.

எனக்குப் பெருங்குடல்ல. ஆறு வருஷம் ஆச்சு. நான் சாமி கும்பிடுறதில்லை, அப்பவும் கும்பிடல, இப்பவும் இல்லை. எனக்கு ஏத்தின மருந்துல குளிர்ச்சியே ஆகாது. ஃப்ரிட்ஜைத் திறந்து பால் டப்பாவைத் தொட்டா விரல் பூரா ஊசி குத்தும். நம்ம ஊர் வெயில்ல ஆறு மாசம் சுடுதண்ணியே குடிச்சவன் நான். மருந்து வேலை செய்யுறதுக்கு எந்தச் சாமியும் சிபாரிசு பண்ண வேண்டியதில்லை.

பாட்டி விஷயத்துல நீங்க செஞ்சது புண்ணியம் இல்ல, முதலுதவி. கீமோவுல, நோயை எதிர்க்கிற வெள்ளணு இறங்கியிருக்கிற நேரத்துல காய்ச்சல் வந்தா அது சாதாரணக் காய்ச்சல் கிடையாது. விடியட்டும்னு விட்டா ஆளையே தூக்கிடும். நீங்க வாயைத் திறந்தீங்க, ஆள் பிழைச்சுது. இதுக்குள்ள எதுக்கு முருகனை இழுக்கணும்?

ஓய்வுபெற்ற மிஸி | ஜார்ஜ்டவுன் | திங்கள், காலை 9:02

புற்றுநோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பக்தியைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை பொதுவாக வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். வாராவாரம் ஏற்றும் மருந்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். 38 டிகிரி என்று காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பானடோல் போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டு "இப்ப பரவாயில்லை" என்று படுக்காதீர்கள். அந்தப் பாட்டி மாதிரி "தாடா" சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு பிறைக்காரி இருந்ததில்லை.

பிறைக்காரி, உங்களுக்கு இரண்டு கண்டிப்பு. மொழிபெயர்க்கும்போது டாக்டர் சொன்னதை மெதுவாக்கிச் சொல்லாதீர்கள். "பரவியிருக்கிறது" என்றால் பரவியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆறுதலை அப்புறம் உங்கள் கணக்கில் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், "நான் கூட நிற்கட்டுமா?" என்று நோயாளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மகனுக்குத் தெரியக்கூடாது என்று சிலர் நினைப்பார்கள். இன்னொன்று, நீங்களும் நோயாளிதான். முகக்கவசம் போடாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கு உதவ வேண்டாம்.

அவித்த முட்டை நன்றாக வெந்திருந்தால் சாப்பிடலாம். அரைவேக்காடு வேண்டாம்.

சுபம்77 | ரவாங் | திங்கள், காலை 10:48

அக்கா கீமோவெல்லாம் உடம்பைக் கெடுக்கும். சாபா பாம்புப் புல்லை அரைச்சு, கூடவே துரியான் பெலண்டா (முள்சீத்தா) இலையை அவிச்சுக் குடிங்க. எங்க மாமாவுக்கு மூணு மாசத்துல கட்டி காணாமப் போச்சு. வேணும்னா தனிச் செய்தி அனுப்புங்க, இலை எங்கிட்ட இருக்கு.

நெறியாளர் | திங்கள், காலை 11:05

சுபம்77, இங்கே விற்பனை வேண்டாம். சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் பதிவு இன்னொன்று வந்தால் கணக்கு முடக்கப்படும். மேலே உள்ளதை அழிக்காமல் விடுகிறேன், பதில் வந்தால் மற்றவர்களுக்கும் உதவும்.

ஓய்வுபெற்ற மிஸி | ஜார்ஜ்டவுன் | திங்கள், காலை 11:30

பதில் இதோ. இலை, வேர், பொடி எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் குடிக்கக் கூடாது. கீமோ மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அதே நேரத்தில் அதற்கு இன்னொரு வேலை கொடுத்தால் ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறும், அடுத்த மருந்து தள்ளிப் போகும். "என்ன குடிச்சீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். திட்டு விழும் என்ற பயம். திட்டினாலும் சொல்லிவிடுங்கள்.

அன்னாள் பிள்ளை | புக்கிட் மெர்தாஜாம் | திங்கள், மதியம் 1:20

அக்கா, பேரம் பேசினா என்ன தப்பு? எங்க வேதத்துல ஆபிரகாம் கடவுள்கிட்டயே பேரம் பேசுறார். சோதோம் ஊர்ல ஐம்பது நல்லவங்க இருந்தா அழிக்காம விடுவீங்களான்னு தொடங்கி, நாற்பத்தஞ்சு, நாற்பது, முப்பது, இருபதுன்னு இறங்கி பத்துல வந்து நிக்கிறார். பாசார்ல மீன் வாங்குற மாதிரி. கடவுள் கோவிச்சுக்கல, ஒவ்வொரு தடவையும் பதில் சொல்றார்.

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். பேரம் பேசினா நம்ம விலைக்கே கிடைச்சிடும்னு இல்லை. எங்க அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப, ஜூலையில புனித அன்னாள் திருவிழாவுக்கு ஒன்பது நாளும் போனேன். மெழுகுவத்தி உருகி கையில ஊத்தி, கொப்புளமே வந்துச்சு. அம்மா செப்டம்பர்ல போயிட்டாங்க. ரெண்டு வருஷம் நான் கோயில் வாசப்படி மிதிக்கல. ஊர் பூரா காடி காடியா அந்தத் திருவிழாவுக்கு வருவாங்க, நான் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் படுத்திருப்பேன்.

திரும்பிப் போனது எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குச் சக்கர நாற்காலி தள்ள ஆள் இல்லைன்னு கூப்பிட்டாங்க, தள்ளிட்டுப் போனேன். உள்ள போய் உக்காந்துட்டேன். அம்புட்டுதான்.

லெபோ சூலியா | ஜார்ஜ்டவுன் | திங்கள், இரவு 9:15

எல்லாருக்கும் சலாம். எங்க மார்க்கத்துல செயலுக்குக் கூலி நிய்யத்தைப் பொறுத்துன்னு சொல்வாங்க. அதாவது எந்த எண்ணத்துல செய்யுறோமோ அது. அதனால பிறைக்காரி அக்கா கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை, பெரிய ஆட்களே உக்காந்து யோசிச்ச கேள்வி.

ஆனா அக்கா, நிய்யத் சுத்தமாகட்டும்னு நீங்க காத்திருந்தா அந்தப் பாட்டிக்குக் காய்ச்சல் நாப்பதுக்கு ஏறியிருக்கும்.

என் அண்ணனுக்குத் தொண்டையில. ரேடியேஷன் நடக்கிறப்ப வாயெல்லாம் புண்ணு, எச்சில் முழுங்க முடியாது. நோன்பு மாசம் அது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்ல வாங்கிட்டு வந்த கஞ்சியை ஆறவச்சு, மிளகு காரம் இல்லாத பக்கமாப் பார்த்துக் கரண்டியில குடுத்தோம். ரெண்டு நாள் கழிச்சு முதல் முதலா வயிறு நிறைஞ்சது அன்னிக்குத்தான். அப்புறம் என் மனைவி வீட்லயே காரம் போடாம, வெந்தயம் கொஞ்சம் கூட்டி, குழையக் காய்ச்ச ஆரம்பிச்சா. அண்ணனுக்கு ஒரு ஃபிளாஸ்க், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரு ஃபிளாஸ்க். பக்கத்துப் படுக்கை சீன அங்கிள், கழுத்துல குவான் யின் கோயில் தாயத்து. எதிர்ப் படுக்கையில கருப்புக் கயிறு கட்டின நம்ம ஆளு. பினாங்குல பிட் ஸ்திரீட் பக்கம் ஒரு சுத்து வந்தா எல்லாச் சாமியும் இருக்குமே, அந்த வார்டும் அப்படித்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் ஒரே கஞ்சி.

அந்த வேளையில என் நிய்யத் என்னவா இருந்துச்சுன்னு இப்பவும் தெரியல. அண்ணன் பிழைக்கணும்னு இருந்துச்சு. பிழைச்சாரு. குரல்தான் கம்மிப் போச்சு.

மண்வெட்டி | தைப்பிங் | திங்கள், இரவு 11:51

எல்லாரும் நல்லாப் பேசுறீங்க. நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில. மூணு வருஷம் இருந்தா. அவளும் இப்படித்தான். யாருக்கு ஆஸ்பத்திரி கடிதம் புரியலைன்னாலும் அவ போன்தான் அடிக்கும். அவளே சமைச்சுக் குடுப்பா, கூடப் போவா, கோயில்ல யாருக்காகவோ அர்ச்சனை பண்ணுவா. கடைசி வருஷமும் அப்படியே. ஊருக்கெல்லாம் நாள் குடுத்தா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா எனக்குக் கிடைச்சது அவ களைப்பு மட்டும்தான்.

செத்ததுக்கு நிறையப் பேர் வந்தாங்க. தெய்வம்னாங்க. எனக்குத் தெய்வம் வேணாம்னு இருந்துச்சு.

அக்கா, வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாம முடியை மழிச்சு விட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஆளுக்கும் வாரத்துல ஒரு நாள் வையுங்க.

கொப்பி ஓ கோசோங் | செந்தூல், கேஎல் | செவ்வாய், காலை 6:40

மண்வெட்டி அண்ணே. இதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல.

பிறைக்காரி | பிறை | புதன், மாலை 5:30

நேத்து ஆறாவது ஊசி. அசதி. இன்னிக்குத்தான் போனைக் கையில எடுத்தேன்.

மண்வெட்டி அண்ணன் எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. வெளிய போய்க் காடியைக் கழுவ ஆரம்பிச்சிட்டாரு. முந்தாநாள்தான் கழுவினாரு. உள்ள வந்து, "ஞாயித்துக்கிழமை போனை நான் வச்சுக்கிறேன்"னாரு. சரின்னுட்டேன். அதனால ஞாயிறு என் பதில் வரலைன்னா யாரும் பயப்பட வேணாம்.

கொப்பி அண்ணே, மருந்துதான் குணப்படுத்துதுன்னு எனக்கும் தெரியும். சாமி கும்பிட்டா கட்டி கரையும்னு நான் நினைக்கல. நான் சொல்ற நம்பிக்கை அது இல்ல. எப்படிச் சொல்றது? மூணு மணிக்கு முழிப்பு வருது, கால்விரல் மரத்திருக்கு, வீட்ல எல்லாரும் தூங்குறாங்க. அந்நேரம் பேச்சுக்கு ஒரு ஆள் வேணும். முருகன் முழிச்சிருக்கான்னு வச்சுக்கிறேன்.

நேத்து ஒண்ணு நடந்துச்சு. விரல் நுனியெல்லாம் மரத்துப் போனதால எனக்குப் பூக்கட்ட வரல. ஊசிக்கு முன்னாடி வெளிய பஸ் ஸ்டாப் பெஞ்சில உக்காந்து, லிட்டல் இந்தியாவுல வாங்கின மல்லியை நாரோட வச்சு முட்டி மோதிக்கிட்டிருந்தேன். முடிச்சு விழ விழ பூ நழுவுது. கூலிம் பாட்டி பக்கத்துல வந்து, ஒண்ணும் கேக்காம, என் மடியிலேருந்து நாரை உருவிக்கிட்டுச்சு. நாப்பது வருஷம் பால் வெட்டின கை, கட்டைவிரல்ல கத்தித் தழும்பு. ரெண்டு ரெண்டு பூவா எதிரும் புதிருமா வச்சு, பார்க்காமயே கட்டுது. கட்டிக்கிட்டே மகனைப் பத்திக் குறை சொல்லுது. ஒரு முழம் முடிஞ்சதும் என் தலையைப் பார்த்துச்சு, தன் தலையைப் பார்த்துச்சு. எங்க வைக்கிறது? ரெண்டு பேருக்கும் மொட்டை. சிரிச்சோம் பாருங்க, பஸ் டிரைவரே திரும்பிப் பார்த்தாரு.

கடைசில கைப்பையில கட்டிக்கிட்டு உள்ள போனேன். அன்னிக்கு ஸ்கேன் கணக்கு ஞாபகமே வரல. சாயங்காலம் படகுல வர்றப்பதான், இன்னிக்குப் பேரம் பேச மறந்துட்டோமேன்னு தோணுச்சு.

ஓய்வுபெற்ற மிஸி | ஜார்ஜ்டவுன் | புதன், மாலை 6:10

பூவைக் கீமோ வார்டுக்குள் கொண்டு போகாதீர்கள்! ஈரப் பூவிலும் நாரிலும் பூஞ்சை, கிருமி எல்லாம் இருக்கும். வெளியிலேயே கட்டி, வெளியிலேயே சாமிக்குப் போடுங்கள். விரல் மரத்துப் போவதையும் டாக்டரிடம் சொன்னீர்களா? பட்டன் போட வரவில்லை, பூக்கட்ட வரவில்லை என்று இப்படியே சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அளவைக் குறைப்பதா என்று முடிவெடுப்பார்கள். நீங்களும் "தாடா" சொல்லாதீர்கள்.

பிறைக்காரி | பிறை | புதன், மாலை 6:22

மாட்டிக்கிட்டேன். சொல்லல. அடுத்த வாரம் சொல்லிடுறேன் மிஸி.

மூத்தமகள் | சுங்கைப் பட்டாணி | புதன், இரவு 10:05

வணக்கம். இந்த இழையை ரெண்டு நாளா அழுதுக்கிட்டே படிக்கிறேன். எங்க அம்மாவுக்கு வர்ற செவ்வாய்க்கிழமைதான் முதல் கீமோ, தீவுல அதே ஆஸ்பத்திரின்னு நினைக்கிறேன். அப்பா லாரி ஓட்டுறார். நான் ஃபேக்டரியில ஷிஃப்ட், அன்னிக்குச் சூத்தி கிடைச்சிருக்கு. அடுத்தடுத்த தடவைக்குக் கிடைக்குமான்னு தெரியல. காசு எவ்வளவு ஆகும்? யார்கிட்டக் கேக்குறதுன்னே தெரியல.

கொப்பி ஓ கோசோங் | செந்தூல், கேஎல் | புதன், இரவு 10:31

அழாதம்மா, எழுதிக்கோ. அரசாங்க ஆஸ்பத்திரியில நம்ம குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் அஞ்சு வெள்ளி (ரிங்கிட்)தான். மருந்துல சிலது மட்டும் வெளிய வாங்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னா உடனே கைவிட்டுடாதீங்க, ஆஸ்பத்திரியிலயே மருத்துவச் சமூகநலப் பிரிவு இருக்கும், அங்க போய் உக்காருங்க. குடும்பம் அரசாங்கத்தோட எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குதுன்னா, வருமானம் குறைஞ்சவங்களுக்கான பேக்கா பி40 சுகாதாரத் திட்டத்துல புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்கிறவங்களுக்கு ஆயிரம் வெள்ளி உண்டு, போக்குவரத்துக்குத் தனியாவும் உண்டு. விண்ணப்பப் பாரம் ஆஸ்பத்திரி மூலமாத்தான் போகணும், அதனால தொடங்குறப்பவே கேளுங்க. அம்மா வேலைக்குப் போனவங்கன்னா சோக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா இருக்கும், இபிஎஃப் சேமநிதியிலயும் கடும் நோய்க்குப் பணம் எடுக்கலாம். பாரத்துல ஒரு இடம் விட்டாலும் திருப்பி அனுப்புவான், போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் பார்க்கிறேன்.

கேஎல் பக்கம் யாராச்சும் இதைப் படிச்சா, ஜாலான் ராஜா மூடா அப்துல் அசீஸ்ல தேசியப் புற்றுநோய்ச் சங்கம் இருக்கு. 1966லேருந்து நடத்துறாங்க. கூட ஆள் வேணும்னா நான் வர்றேன். வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. சாமி கும்பிடச் சொல்லாதீங்க, அது ஒண்ணுதான்.

பிறைக்காரி | பிறை | புதன், இரவு 10:44

தங்கச்சி, செவ்வாய் காலையில சுங்கைப் பட்டாணியிலேருந்து கோமுட்டர் ரயில்ல பட்டர்வொர்த் வந்திடுங்க. ஃபெர்ரி பக்கத்துலயேதான். நான் ஏழு மணிக்கு ஏறுற இடத்துல நிப்பேன், நீலத் தலைத்துணி, பச்சை ஃபிளாஸ்க். அந்தப் பக்கம் படகுத்துறையிலேருந்து பஸ்.

அம்மாவைப் பசியாற வச்சே கூட்டிட்டு வாங்க. காலுறை, ஒரு கம்பளி. வார்டுல ஏர்கோன் குளிர் எலும்புல இறங்கும். முன்னாடி பட்டன் வச்ச சட்டை போட்டா ஊசி குத்த வசதி. அடுத்தடுத்த செவ்வாய்க்கு நீங்க வர முடியலைன்னா அம்மாவை ரயில் ஏத்தி விடுங்க, நான் இந்தப் பக்கம் வாங்கிக்கிறேன். அம்மா மலாய் பேசுவாங்களா?

மூத்தமகள் | சுங்கைப் பட்டாணி | புதன், இரவு 10:52

கொஞ்சம் பேசுவாங்க அக்கா. ஆனா டாக்டரைப் பார்த்தா எல்லாத்துக்கும் தலையாட்டிடுவாங்க. சக்கரை வியாதியும் இருக்கு. பிஸ்கட் கொண்டு வரலாமா?

பிறைக்காரி | பிறை | புதன், இரவு 10:57

கொண்டு வாங்க, இனிப்பில்லாததாப் பார்த்து. சக்கரை இருக்குன்னு மிஸிகிட்ட முதல் வேலையாச் சொல்லணும், ஊசிக்கு முன்னாடி போடுற மருந்துல சக்கரை ஏறும். அம்மா சொல்ல மறந்தா நான் சொல்றேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். மூணு வாரத்துல சரியாயிடும்.